ஒடாகி-சான் செடி

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் அந்தப் பூவைப் பார்த்திருப்பீர்கள். முட்டைக்கோஸ் சைஸில், நீலமும் ரோஸுமாக உருண்டை உருண்டையாய்... பேர் ஹைட்ராஞ்சியா. ஆசைப்பட்டு ஒரு தொட்டி வாங்கி, மடியில் வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தால்? இருக்கிற பூ வாடும். அப்புறம் வெறும் இலைதான்! எரு போட்டாலும் மசியாது.

ஏன்? ஜப்பான் வரை போய்வர வேண்டும்.

1823. ஜப்பான், வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் அனுமதி. அதுவும் நாகசாகி துறைமுகத்தில் தேஜிமா என்ற குட்டித் தீவுக்குள். அங்கே டாக்டராக வந்து இறங்கினார் சீபோல்ட் என்ற ஜெர்மானியர். வைத்தியம் தொழில், செடிகள்மீது பைத்தியம்! ஒடாகி என்ற ஜப்பானியப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். 1827-ல் இனே என்று ஒரு பெண் குழந்தை.

அடுத்த வருடமே இடி விழுந்தது. அந்நியர் கையில் இருக்கவே கூடாத ஜப்பான் வரைபடங்கள் சீபோல்டிடம் சிக்கின. அவற்றைக் கொடுத்த அரசாங்க வானியல் அறிஞர் சிறையிலேயே செத்துப்போனார். 1829 கடைசியில் சீபோல்ட் நாடு கடத்தப்பட்டார். ஜப்பானியர் யாரும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். ரெண்டு வயசுக் குழந்தையோடு ஒடாகி கரையோடு நின்றுபோனார். செடிகள் கப்பலேறின!

ஐரோப்பாவில் ஜப்பான் தாவரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார் சீபோல்ட். அதில் ஒரு ஹைட்ராஞ்சியாவுக்கு 'ஒடாக்சா' என்று பெயர். அது ஜப்பானியர் வழங்கும் பெயராம். பிற்காலத்தில் மகினோ என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு பெயரே கிடையாது. 'ஒடாகி-சான்', அதாவது ஒடாகி அம்மாள் என்பதுதான் அது என்று போட்டு உடைத்தார்!

1859-ல் சீபோல்ட் திரும்பவும் நாகசாகி வந்தார். முப்பது வருடம் ஓடிவிட்டது. மகள் இனே, மேல்நாட்டு வைத்தியம் கற்ற முதல் ஜப்பானியப் பெண்களில் ஒருவராகி இருந்தார்.

செடியைக் கப்பலேற்றலாம். அதன் குளிரைக் கப்பலேற்ற முடியுமா? இந்த ஹைட்ராஞ்சியா ரகம், அடுத்த வருடத்துப் பூவுக்கான மொட்டை முந்தின வருடமே கிளை நுனியில் ஒளித்து வைத்துவிடும். அதற்குச் சில வாரங்கள் 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். புதுக்கோட்டையில் மார்கழி ராத்திரியிலும் அந்தக் குளிர் நிலைப்பதில்லை.

மலையில் வீடு இருப்பவர்களும் கோட்டைவிடுவது கத்திரியில்தான். பூ முடிந்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும். தாமதமாக நறுக்கினால் அடுத்த வருடத்துப் பூவையே நறுக்குகிறோம். காலை வெயில், மத்தியான நிழல், காயாத மண் போதும். புளிப்பு மண்ணென்றால் அதிலுள்ள அலுமினியம் பூவுக்கு ஏறி நீலம் தரும். சுண்ணாம்பு மண்ணென்றால் ரோஸ். நீலம் வேண்டுமென்றால் கொஞ்சம் படிகாரம் கரைத்து ஊற்றுவது பழைய கைவைத்தியம். வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் மசியாது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தில் மல்லிகை போடுகிறவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். மல்லிகை புதுத் தளிரில் பூக்கும் ஜாதி. கார்த்திகையில் ஒட்ட நறுக்கினால்தான் வெயில் காலத்தில் கொத்துக் கொத்தாய் மொட்டு விடும். ஒன்றுக்கு உயிர் கொடுக்கிற கத்திரி, இன்னொன்றுக்கு எமன். கத்திரியை எடுக்குமுன், உங்கள் செடி மொட்டை எங்கே வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!