சகோதரியின் பங்கு

தந்தை உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவருக்கு மகன்களும் உண்டு, மகளும் உண்டு. அவர் விட்டுச் சென்ற சொத்தை உடன்பிறந்தோர் எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது? இவ்வினாவுக்குத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களிடையே ஒரு காலத்தில் வழங்கிய விடையையும், அவ்விடை மாறிய வரலாற்றையும் இன்று எடுத்துரைக்க விழைகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே அம்மாவட்டத்து மாணவர்களுக்கு இது அயலார் கதை அன்று.

ஆங்கிலேயர் நேராக ஆண்ட சென்னை மாகாணத்தில், கிறிஸ்தவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியது. அதன்பின் வந்த 1925ஆம் ஆண்டுச் சட்டமும் மகன், மகள் என்று வேற்றுமை பாராட்டாமல் சமபங்கு அளித்தது. திருவிதாங்கூரோ மன்னராட்சி நிலவிய சமஸ்தானம். அங்கே 1916இல் தனியே ஒரு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மகளுக்குரியது மகனது பங்கில் நாலில் ஒரு பகுதி, அல்லது 5,000 ரூபாய். இவ்விரண்டில் எது குறைவோ அதுவே. சீதனம் கொடுத்திருந்தாலும், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலும் அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு மட்டும் அச்சட்டம் விலக்களித்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். தாயும் தந்தையும் மறைந்துவிட்டனர். சொத்தின் மதிப்பு 90,000 ரூபாய். பிள்ளைகள், மகன் இருவரும் மகள் ஒருத்தியும். 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுக்கு 30,000 ரூபாய். திருவிதாங்கூர்ச் சட்டப்படி சகோதரர் ஒவ்வொருவருக்கும் 42,500 ரூபாய். சகோதரிக்கு 5,000 ரூபாய். பெண் மற்றொரு குடும்பம் புகுபவள், அவளுக்குரியதைச் சீதனமாகப் பெற்றுவிட்டாள் என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆனால் அந்தச் சீதனம் பெரும்பாலும் மணமகன் வீட்டார் கைக்கே சென்றது. பெண்ணுக்கென்று கையில் நின்றது யாது?

நாடு விடுதலை பெற்றபின், சமஸ்தானங்களாக இருந்த பகுதிகளுக்கும் இந்தியச் சட்டங்கள் பலவற்றை விரிவுபடுத்த 1951இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அவற்றுள் ஒன்று. அவற்றிற்கு நிகரான பழைய சமஸ்தானச் சட்டங்கள் நீங்கும் என்றும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. எனவே 1951 ஏப்ரல் முதல் நாளிலேயே சகோதரி சமபங்குக்கு உரியவளாகிவிட்டாள். எனினும் பாகப்பிரிவினைகள் பழைய முறையிலேயே நடந்து வந்தன. திருவிதாங்கூர்–கொச்சி உயர்நீதிமன்றமும், பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட ஆயமும், பழைய சட்டம் நீங்கவில்லை என்றே கருதின.

இந்நிலையில் கோட்டயத்தில் பள்ளி நிறுவி நடத்தி வந்த மேரி ராய் என்னும் அம்மையார், 1983இல் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் வழக்கை விசாரித்து, 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பளித்தனர். அரசியலமைப்பு கூறும் சமத்துவத்திற்குப் பழைய சட்டம் முரணானதா என்ற வினாவிற்குள் அவர்கள் புகவில்லை. அது 1951இலேயே மறைந்துவிட்டது, மறைந்துபோன சட்டத்தை வைத்து உரிமையை மறுக்கலாகாது என்பதே அவர்தம் முடிவு. இதனால் முப்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த பாகப்பிரிவினைகள் குலையுமே என்று பலர் கலங்கினர். பழைய முறையைக் காக்கக் கேரளத்தில் 1994இல் ஒரு மசோதாவும் வரையப்பட்டது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

இச்சமத்துவம் தந்தையின் சொத்தோடு நிற்பதன்று. மணமாகாத சகோதரன் ஒருவன் பிள்ளையின்றி, உயிலுமின்றி இறந்தால், தந்தையும் இல்லாதவிடத்து, தாயும் அவனுடைய சகோதர சகோதரிகளும் சமமாகவே பெறுவர்.

மாணவர்களே, இவ்வரலாற்றில் நான் காணும் பொருள் ஒன்றுண்டு. ஓர் உரிமை முப்பத்தைந்து ஆண்டுகள் ஏட்டில் இருந்தும் வீட்டிற்கு வந்து சேரவில்லை. கேட்க ஒருவர் முன்வந்த பிறகே அது வந்தது. இன்றும் உயிலின் மூலம் தந்தை தன் சொத்தை விரும்பியவர்க்கு அளிக்கலாம். விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுச் சகோதரி தன் பங்கை விட்டுவிடலாம். அப்படி ஒரு பத்திரம் உங்கள் வீட்டில் நீட்டப்படும் நாளில், அதிலுள்ளதை முழுதும் படித்துக் காட்டி, அவளுக்குரிய பங்கு எவ்வளவென்று முதலில் சொல்லுங்கள். கொடுப்பதும் விடுவதும் அதற்குப் பிறகு ஆகட்டும்.