புதுச்சேரியில் வீட்டு மின்கட்டணம்: மீட்டர் முதல் தானியங்கிப் பற்று வரை

புதுச்சேரி நகரின் வடமேற்கே, வழுதாவூர் சாலையை ஒட்டி அமைந்த மேட்டுப்பாளையம், தொழிற்பேட்டையாலும் கனரக வாகன முனையத்தாலும் அறியப்படும் பகுதியாகும். நீலகிரி மலை ரயில் புறப்படும் கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் வேறு. இங்கு பட்டறைகளும் ஆலைகளும் ஒரு புறம், அவற்றில் வேலை செய்வோரின் வீடுகள் மறுபுறம் என ஒரே மின்தடத்தில் பலவகை இணைப்புகள் உள்ளன. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் வழிவந்த நிறுவனம் மின்சாரம் வழங்க, இங்கே அரசின் ஒரு துறையே அதை வழங்குகிறது. மின்துறை என்பது அதன் பெயர்.

ஒரு வீட்டு மின்கட்டணத்தில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன: அளப்பது, கணக்கிடுவது, செலுத்துவது. மூன்றும் ஒரு காலத்தில் வீட்டுக்காரர் கண் முன்னே நடந்தன. மீட்டரைப் பார்க்க ஆள் வந்தார், தொகை எழுதப்பட்டது, பணம் அலுவலகச் சாளரத்தில் எண்ணி வைக்கப்பட்டது. இன்று மூன்றாவது செயல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே நடந்துவிடக் கூடும். மக்கள் வழக்கில் 'ஆட்டோ பே' எனப்படும் தானியங்கிப் பற்று முறை அதுவே. வசதியானதுதான். ஆனால் செலுத்தும் வேலை கையை விட்டுப் போகும்போது, பட்டியலைப் படிக்கும் பழக்கமும் கூடவே போய்விடுகிறது.

அளவியின் வரலாறு

எடிசன் 1882-இல் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கிய காலத்தில் பயன்படுத்திய அளவி ஒரு வேதியியல் கருவி. அதனுள் துத்தநாகத் தகடுகள் இருந்தன. மின்சாரம் பாயப் பாய அவற்றின் எடை மாறும். நிறுவனத்தின் ஆள் தகடுகளை எடுத்துச் சென்று தராசில் நிறுத்துத் தொகையைச் சொல்வார். வாடிக்கையாளர் தாமே சரிபார்க்க வழியே இல்லை. இந்தக் குறையைப் போக்கியவற்றுள் முதன்மையானது, அங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி 1889-இல் காப்புரிமை பெற்ற தூண்டல் வகை மீட்டர். அலுமினியத் தட்டு சுழலும். பற்சக்கரங்கள் எண்களை நகர்த்தும். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் இருந்தது இந்த வகைதான். எழுத்தறியாதவரும் சுழலும் தட்டைப் பார்த்து "கரண்டு ஓடுது" என்று சொல்ல முடிந்தது. மின்னணு மீட்டரில் அந்தத் தட்டு இல்லை. ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது.

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று சிதறிக் கிடக்கும் நான்கு பகுதிகளுக்கும் ஒரே மின்துறை. நகருக்கென்று பெரிய மின்நிலையம் கிடையாது. நெய்வேலி உள்ளிட்ட மத்திய நிலையங்களிலிருந்து மின்சாரம் வாங்கப்படுகிறது. காரைக்காலில் மட்டும் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் உள்ளது. மாகேக்குக் கேரளத்திலிருந்து வருகிறது. கட்டண வீதத்தை மின்துறை தானாக முடிவு செய்ய இயலாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி அமைந்த, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின் வீதத்தை நிர்ணயிக்கிறது.

பட்டியலைப் படிக்கும் முறை

யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம். 75 வாட் மின்விசிறி 14 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியவை முந்தைய அளவீடு, இப்போதைய அளவீடு என்னும் இரு எண்கள். இப்போதைய அளவீட்டை மீட்டரோடு ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். அடுத்தது அளவீட்டுத் தேதி. இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய காரணம் கீழே வருகிறது.

யூனிட் கட்டணம் அடுக்கு முறையில் அமைகிறது. புதுச்சேரியில் வீடுகளுக்கு மாதந்தோறும் பட்டியல் வருவதால், 100, 200, 300 என்னும் எல்லைகள் ஒரு மாதத்துக்கு உரியவை. எல்லையை ஒரு யூனிட் தாண்டினால் மொத்தத்துக்கும் உயர்ந்த வீதம் விழும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது இங்கே பொருந்தாது. தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமே உயர் வீதம். அச்சம் பிறந்ததற்குக் காரணம் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அங்கே 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கும் வேறு வீத அட்டவணை பொருந்தும்படி அங்கே அமைத்திருந்தனர். புதுச்சேரிக்காரரும் விழுப்புரத்து உறவினரும் தங்கள் பில்களை ஒப்பிட்டுப் பேசும்போது வரும் குழப்பங்களில் பாதி இதனால் வருவதே.

தேதி ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். வீதங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. முதல் 100 யூனிட்டுக்கு தலா ₹3, அடுத்த 100-க்கு ₹4, அதற்கடுத்த 100-க்கு ₹6 என்க. மாதம் 150 யூனிட் செலவிடும் வீட்டுக்கு ஒரு மாதத் தொகை 300 + 200 = ₹500; இரண்டு மாதத்துக்கு ₹1,000. முதல் மாதம் அளவீடு எடுக்க ஆள் வரவில்லை; இரண்டாம் மாத இறுதியில் 300 யூனிட்டையும் ஒரே மாதச் செலவாகக் கணக்கிட்டு விட்டனர் என்றால், 300 + 400 + 600 = ₹1,300 ஆகிவிடும். மின்சாரம் ஒன்றுதான், தேதி தவறியதால் ₹300 கூடுதல். இரண்டு மாதமாகப் பிரித்துக் கணக்கிடக் கேட்பது நுகர்வோரின் உரிமை.

யூனிட் கட்டணத்துக்கு மேல் நிலைக்கட்டணம், பழைய நிலுவை, தாமதக் கட்டணம் ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கும். இணைப்பு வகையும் பார்க்கத்தக்கது. மேட்டுப்பாளையம் போன்ற இடத்தில் முன்னறையில் தையல் கடையோ பெட்டிக்கடையோ வைத்த வீடுகள் உண்டு. கடைக்கு வணிக வீதம், வீட்டுக்கு வீட்டு வீதம். ஏழைக் குடிசைகளுக்கு 'ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு' என்ற தனிவகையும் புதுச்சேரிக் கட்டண அட்டவணையில் உண்டு.

2020 கற்றுத் தந்தது

கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் மீட்டர் பார்க்க ஆள் செல்ல இயலவில்லை. முந்தைய பட்டியலின் தொகையையே மீண்டும் செலுத்தும்படி சொல்லப்பட்டது. பிறகு அளவீடு எடுத்தபோது நான்கு மாதச் செலவை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, ஏற்கெனவே செலுத்திய தொகையைக் கழித்தனர். கழிக்க வேண்டியது தொகையா, அதற்குரிய யூனிட்டா என்பதில் பெரும் வழக்காடல் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் வீட்டிலேயே இருந்த மாதங்களில் செலவு உண்மையிலேயே கூடியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அளவீடு இல்லாமல் எழுதப்பட்ட தொகையை, அது மதிப்பீடு என்று அறியாமலே பலர் செலுத்தியிருந்தனர்.

அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதைத் தொட்டன. மதிப்பீட்டுப் பட்டியல் இரண்டு சுற்றுக்கு மேல் தொடர்ந்தால், அசாதாரணச் சூழல் தவிர, உண்மை அளவீட்டின்படி பட்டியல் வரும் வரை செலுத்த மறுக்கலாம். மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும் நினைவில் கொள்ளத்தக்கது: கட்டணம் செலுத்தாததற்காக இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும்.

தானாகப் பிடிக்கும் பணம்

வங்கியிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் முறை பிரிட்டனில் 1960-களில் வேரூன்றியது. பிரான்சிலும் அது வழக்கமானது. 1962-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. அவற்றின் கிளைகள் பாரிஸ் புறநகர்களில் வாழ்கின்றன. அங்கே மின்கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் செலவை மதிப்பிட்டு, 10 அல்லது 11 சமத் தவணைகளாக வங்கியிலிருந்து பிடிக்கப்படுகிறது. ஆண்டு இறுதியில் உண்மை அளவீட்டோடு சரிக்கட்டுவர். குளிர்காலத்தில் எகிறும் செலவை ஆண்டு முழுவதும் பரப்பிவிடுவதே இதன் நன்மை. மாதம் பிடிக்கப்படும் தொகை அந்த மாதச் செலவைச் சொல்லாது என்பதே இதன் விலை. ஐரோப்பிய விதிப்படி, பிடித்த பணத்தை 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே வங்கியிடம் திரும்பக் கேட்கலாம். 2022-இல் எரிபொருள் விலை ஏறியபோது பிரிட்டனில் பலர், தங்கள் தானியங்கிப் பற்றை ஒட்டுமொத்தமாக ரத்து செய்வோம் என்று இயக்கமே நடத்தினர்.

இந்தியாவில் 1990-களில் ரிசர்வ் வங்கி தொடங்கிய மின்னணுத் தீர்வு முறையில் இதற்கான ஏற்பாடு இருந்தது. படிவத்தில் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். கைபேசி வழியே ஆணை தரும் யுபிஐ ஆட்டோ பே 2020 ஜூலையில் வந்தது. தொடர் பற்றுக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிரெஞ்சு முறைபோல் சமத் தவணை இல்லை. அந்த மாதப் பட்டியல் தொகை எதுவோ அதுவே பிடிக்கப்படும். எனவே ஆணை தரும்போது உச்ச வரம்பைக் குறைவாக வைப்பது பயன் தரும். வழக்கமாக ₹600 வரும் வீட்டில் வரம்பை ₹1,000 என்று வைத்தால், தவறாக ₹4,000 பட்டியல் வந்தால் பற்று நின்றுவிடும். விசாரிக்க நேரம் கிடைக்கும்.

கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பினால் மின்துறைக்குத் தாமதக் கட்டணம், வங்கிக்குத் தண்டம் என இரட்டைச் செலவு. அதற்கு மேல், 2007-ஆம் ஆண்டு கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பணமின்றித் திரும்பும் மின்னணுப் பற்றைக் காசோலை திரும்புவதுபோலக் குற்றமாக்கியுள்ளது. வாரக்கூலி வாங்கும் குடும்பம் பில் தேதியில் கணக்கில் பணம் வைத்திருக்க இயலாது. அவர்கள் சம்பளம் வந்த மறுநாள் வசூல் மையத்தில் நேரில் கட்டுவதை அறியாமை என்று சொல்வது பொருந்தாது. அது நல்ல கணக்கு.

தனியார்மயமும் முன்பணமும்

யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியார்மயமாகும் என்று மத்திய அரசு 2020 மே மாதம் அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் புதுச்சேரியில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதும் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பல பகுதிகள் இருளில் மூழ்கின. முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டர் திட்டத்துக்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மீட்டரில் வரிசை தலைகீழாகிறது: முதலில் செலுத்துவது, பிறகு அளப்பது. இருப்பு தீர்ந்தால் மின்சாரம் நின்றுவிடலாம். 15 நாள் அறிவிப்பு என்னும் பழைய பாதுகாப்பு, முன்பணக் கணக்கில் எந்த வடிவில் நிற்கும் என்பதே எதிர்ப்பின் மையத்தில் இருந்த கேள்விகளுள் ஒன்று.