மாலத்தீவுச் சமூக வரலாற்று ஆய்வுகள்

மாலத்தீவு இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 1,200 பவளத்தீவுகளைக் கொண்ட சிறிய நாடு. இவற்றில் மக்கள் வாழும் தீவுகள் 200க்கும் குறைவு. மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 1153ஆம் ஆண்டு வரை பௌத்த நாடாக இருந்து பின்னர் இசுலாத்தைத் தழுவியது. மக்கள் பேசும் திவேகி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய இந்தோ ஆரிய மொழி. இந்நாட்டுச் சமூகத்தைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றில் பெரும்பகுதி பயணிகள், கப்பல் விபத்தில் சிக்கியவர்கள், நில அளவையாளர்கள், மானுடவியலாளர்கள் ஆகியோர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து திரட்டப்பட்டது. அவர்கள் பதிவு செய்தவற்றில் பல, பின்னாளில் அழிந்துபோயின.

பயணிகளின் குறிப்புகள்

மொராக்கோ நாட்டுப் பயணியான இபன் பதூதா 1343ஆம் ஆண்டு மாலத்தீவுக்கு வந்தார். அங்கு காஜியாக நியமிக்கப்பட்டு, அரச குடும்பத்துடன் மண உறவும் கொண்டார். நாட்டை ஒரு பெண் ஆள்வது அவருக்கு வியப்பளித்தது. பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியாமல் நடமாடுவதை நிறுத்த முயன்று தோற்றதாக அவரே எழுதியிருக்கிறார். மதம் மாறி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆன பின்பும் பழைய வழக்கங்கள் தொடர்ந்தன என்பதற்கு அவரது இந்தச் சலிப்பே சான்றாக அமைந்தது. மணமும் மணமுறிவும் அங்கு எளிதாக நடந்ததையும், சோழி நாணயமாகப் புழங்கி வங்காளத்துக்கு ஏற்றுமதியானதையும் அவர் பதிவு செய்தார்.

பிரான்சு நாட்டவரான பிரான்சுவா பிரார்டு 1602இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் கரையேறினார். நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைக்காததால் ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். பிழைத்திருக்க வேண்டிய தேவையால் திவேகி மொழியைக் கற்றார். 1607இல் வங்காளத்திலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் தலைநகர் மாலேயைத் தாக்கியபோது விடுபட்டார். சாதிப்படிநிலை, உணவு, விழாக்கள், அரண்மனை நடைமுறை ஆகியவற்றை விரிவாகச் சொல்லும் அவரது நூல், அக்காலச் சமூகத்தைப் பற்றிய முதன்மையான ஆவணம். அதில் திவேகிச் சொற்பட்டியலும் உண்டு.

செப்பேடுகளும் பெல்லின் ஆய்வும்

நாட்டுக்குள் எழுதப்பட்ட தொடர்ச்சியான வரலாறு ஹசன் தாஜுத்தீன் அரபியில் எழுதிய தாரிக். அவர் 1727இல் மறைந்தபின் அவரது குடும்பத்தினர் அதைத் தொடர்ந்தனர். அந்நூல் மதமாற்றத்திலிருந்து தொடங்குவதால் பௌத்த காலம் அதில் இடம்பெறவில்லை. மக்களிடையே வழங்கும் கதையும், கடலிலிருந்து வந்த பேயை ஓர் இசுலாமியப் பெரியவர் விரட்டியதால் அரசர் மதம் மாறினார் என்று முடிந்துவிடுகிறது.

இந்தச் சித்திரத்தை மாற்றியவை லோமாஃபானு எனப்படும் செப்பேடுகள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இவை, தென்பகுதியின் ஹத்துன்மதி பவளத்தீவுக் கூட்டத்திலிருந்த பௌத்தத் துறவிகள் மாலேக்குக் கொண்டுவரப்பட்டுத் தலை வெட்டப்பட்டதைக் கூறுகின்றன. விகாரைகளின் நிலங்கள் மசூதிகளுக்கு அளிக்கப்பட்டன. 1153இல் அரசர் மதம் மாறியபின்பும் பல பத்தாண்டுகள் தெற்கில் பௌத்தம் நீடித்தது என்பதை இவற்றின் வழி அறிய முடிகிறது.

இலங்கையின் தொல்லியல் ஆணையராக இருந்த எச். சி. பி. பெல் 1879, 1920, 1922 ஆகிய ஆண்டுகளில் மாலத்தீவுக்குச் சென்றார். கடைசிப் பயணத்தில் ஹவித்தா என்று மக்கள் அழைத்த மண்மேடுகளை ஆராய்ந்து, அவை பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என உறுதி செய்தார். அவரது பெருநூல் அவர் மறைந்தபின் 1940இல் கொழும்பில் வெளிவந்தது. செர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கைகர் திவேகிக்கும் சிங்களத்துக்கும் உள்ள உறவை மொழியியல் அடிப்படையில் விளக்கினார்.

மலோனியும் கிராவரு மக்களும்

அமெரிக்க மானுடவியலாளர் கிளாரன்ஸ் மலோனி 1970களில் கள ஆய்வு செய்து, 1980இல் மாலத்தீவு மக்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தென்னிந்தியப் பண்பாட்டை அறிந்த அவர், திவேகியின் உறவுமுறைச் சொற்களிலும் வழக்கங்களிலும் திராவிட அடித்தளம் இருப்பதாக வாதிட்டார். இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் பன்னீராயிரம் தீவுகள் மாலத்தீவையே சுட்டுவதாக வரலாற்றாசிரியர்கள் கருதுவர். ஆனால் மலோனி பேசியது அந்தப் படையெடுப்புக்கும் முந்தைய குடியேற்றத்தைப் பற்றி.

மாலேக்கு அருகிலிருந்த கிராவரு தீவின் மக்கள் தங்களைத் தமிழர் வழிவந்தவர்கள் என்றும், தீவுகளின் பழங்குடிகள் என்றும் சொல்லிக்கொண்டனர். மணமுறிவு மிகுந்த ஒரு நாட்டில், தங்கள் பெண்கள் மணமுறிவு செய்வதில்லை என்பது அவர்களின் பெருமையாக இருந்தது. கடல் அரிப்பால் தீவு சிறுத்தது, மக்களும் குறைந்தனர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தேவையான 40 ஆண்கள் இல்லை என்ற காரணத்தால் 1968இல் அவர்கள் ஹுலுலே தீவுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் விமான நிலைய விரிவாக்கத்துக்காக அங்கிருந்து மாலேக்கு அனுப்பப்பட்டனர். நகரில் பிறருடன் மண உறவு கொண்டு கலந்ததால் அவர்களின் தனி அடையாளம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மலோனி சந்தித்தது அந்த மறைவின் தறுவாயில் இருந்தவர்களை.

பிற்கால ஆய்வுகள்

1982இல் மாலத்தீவு அரசு மொழி, வரலாற்று ஆய்வுக்கான தேசிய மையத்தை நிறுவியது. ஹசன் அகமது மணிக்கு போன்ற உள்நாட்டு அறிஞர்கள் செப்பேடுகளைப் பதிப்பித்தனர். நார்வே தொல்லியலாளர்கள் 1990களில் காஷிதூ தீவில் ஒரு பௌத்த மடாலயத்தை அகழ்ந்தனர். ஸ்பெயின் நாட்டவரான சேவியர் ரொமேரோ ஃபிரியாஸ் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்தார். எழுதப்பட்ட வரலாறு பேசாத பேய்கள், தெய்வங்கள், கடல் அச்சங்கள் ஆகியவை அக்கதைகளில் எஞ்சியிருந்தன.

2012 பிப்ரவரி 7 அன்று, அரசியல் குழப்பத்தின்போது மாலேயிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த கும்பல், இசுலாத்துக்கு முந்தைய காலத்தின் பவளக்கல் சிற்பங்களை உடைத்தது. அத்தொகுப்பின் பெரும்பகுதி மீட்க முடியாதபடி சிதைந்தது.

முக்கியத்துவம்

தீவுகளில் கல்லும் மண்ணும் நிலைப்பதில்லை. கடல் அரிப்பு, கட்டுமானம், மதக் காழ்ப்பு ஆகியவை சான்றுகளைத் தொடர்ந்து அழிக்கின்றன. ஆகவே பெல்லின் அளவைகள், பிரார்டின் சொற்பட்டியல், மலோனியின் களக்குறிப்புகள் ஆகியவை பல இடங்களில் மூலத்துக்குப் பதிலாக நிற்கின்றன. அவை அயலவரின் பார்வையில் அமைந்தவை என்பதால் செப்பேடுகளுடனும் வாய்மொழி மரபுடனும் ஒப்பிட்டே பயன்படுத்தப்பட வேண்டும். அவ்வாறு ஒப்பிடும்போது, ஒரே மதமும் ஒரே மொழியும் கொண்டதாகத் தோன்றும் இச்சிறு நாட்டின் அடியில் பல மக்களும் பல நம்பிக்கைகளும் படிந்திருப்பது தெரிகிறது.