புழுங்கலரிசியும் கேளாத சம்மதமும்

பாகான் செராய் என்றதும் நெல் வயல்களே நினைவுக்கு வரும். 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியது முதல் அவ்வட்டாரம் நெற்களஞ்சியமாய் விளங்கி வருகிறது. அவ்வரிசியை உண்ணும் நாம், அரிசியைக் குறித்து இந்நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியை அறிந்திருத்தல் அவசியமாகும். அதற்கு வழிகாட்டியது நம் முன்னோரின் சோற்றுப்பானையே.

அக்காலத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் எண்ணற்றோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் சோர்ந்து மடிந்தோரில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அவர்களைப் போலவே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழருக்கோ அந்நோய் அரிதாகவே கண்டது. நெகிரி செம்பிலான் வைத்தியர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. அரிசியில் தோன்றும் நஞ்சே காரணமென அவர் கருதியது பிழை. நெல்லை அவிக்குங்கால் தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கித் தங்குகிறது என்பதே பின்னர் அறியப்பட்ட உண்மை.

நிற்க. அதை மெய்ப்பித்த விதம் யாது? 1905-06-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வைத்தியர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். 1907-இல் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இவ்வாறே சோதித்தனர். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் தணிந்தது.

இவ்வாராய்ச்சிகளால் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சித்தம் கலங்கியவன் எங்ஙனம் சம்மதம் தருவான்? ஒப்பந்தத்தால் கட்டுண்ட கூலி எங்ஙனம் மறுப்பான்? சோதனைக்குட்படுவோரின் மனமொப்பிய சம்மதம் இன்றியமையாதது என 1947-இல் நூரம்பர்க் நீதிமன்றம் அறுதியிட்டுக் கூறியது. பிளெட்சரின் நோயாளிகளுக்கு அது காலங்கடந்த நீதி.

இன்றும் எட்டாக் காடுகளுக்கும் கலவர நாடுகளுக்கும் சுகாதாரப் பாடம் புகட்டவும், அதன் பயனை அளக்கவும் அறிஞர் செல்கின்றனர். அங்குள்ள ஏழைக்கு அவனுடைய மொழியில் விளக்க வேண்டும். 'மாட்டேன்' என்றால் அவன் கூலியும் மருந்தும் குறையக் கூடாது. கண்ட முடிவை முதலில் அவனிடமே சொல்ல வேண்டும். புழுங்கலரிசியின் சிறப்பைத் தமிழ்த் தொழிலாளியின் உணவிலிருந்து கற்ற விஞ்ஞானம், மனிதனை மதிக்கும் பாடத்தையும் தொழிலாளியிடமே கற்கட்டும்.