நாற்காலியும் தலைமையும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைமை என்ற பொருளை எடுத்துக்கொண்டதற்கு நாம் கூடியிருக்கும் இடமே காரணம். வாடிப்பட்டிக்குக் கிழக்கே மேலூர், தென்மேற்கே உசிலம்பட்டி. தலைவர் என்றால் யார், அவரை யார் தலைவராக ஏற்பது என்ற கேள்வியை 1996 முதல் பத்தாண்டுகள் இந்த இரண்டு வட்டாரங்களும் நாட்டின் முன் வைத்தன. அந்த வரலாற்றைச் சரியாகப் படித்தால் தலைமை பற்றி நமக்குச் சொல்லித்தரப்பட்ட பல விளக்கங்கள் ஆட்டம் காணும்.

மக்கள் ஒருவரின் அதிகாரத்தை எதனால் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், மரபு, தனிமனித ஈர்ப்பு, சட்டம் என மூன்று அடிப்படைகளைச் சொன்னார். நம் பக்கத்து ஊர்களில் மரபுத் தலைமைக்கு அம்பலம், நாட்டாண்மை என்று பெயர்கள் உண்டு. கோயிலில் முதல் மரியாதை, திருவிழா நாள் குறிப்பது, பஞ்சாயத்துப் பேசித் தண்டம் போடுவது எல்லாம் அந்தத் தலைமையின் கையில். பிறப்பு அதைத் தந்தது, வாக்குச்சீட்டு தரவில்லை.

இதற்குள்தான் சட்டம் நுழைந்தது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996இல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் ஒன்று மேலூர் வட்டத்து மேலவளவு.

ஊராட்சித் தலைவர் பதவி என்பது வெறும் அலங்காரம் அல்ல. கண்மாயின் மீன்பாசிக் குத்தகை, புளியமர ஏலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஒப்பந்த வேலை என்று ஊரின் பொதுச்சொத்தும் பொதுப்பணமும் அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊர்ப்பெரியவர்கள் முடிவு செய்தவற்றை இனி ஒரு தலித் கையெழுத்திட்டு முடிவு செய்வார். ஆதிக்கச் சாதியினரை உறுத்தியது நாற்காலி மட்டுமல்ல, அந்தக் கையெழுத்தும்தான்.

மேலவளவில் வேட்புமனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள். குடிசைகள் எரிந்தன. தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப்பெட்டி பறிக்கப்பட்டது. இறுதியில் 1996 டிசம்பர் கடைசியில் நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். வென்ற பிறகும் ஊராட்சி அலுவலகத்திற்குள் இயல்பாகப் போய் உட்கார அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு குறித்துக் கேட்க மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டுப் பேருந்தில் திரும்பியபோது, முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் மற்ற நால்வரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். தலைவர் என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘தலை’யையே குறிவைத்த கொலை அது. சேலம் நீதிமன்றம் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எஞ்சியிருந்த 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்.

கடைசி நாளில் முருகேசன் எந்த வேலையாகப் போனார் என்பதைக் கவனியுங்கள். மாலை மரியாதைக்காகப் போகவில்லை. வீடிழந்தவர்களுக்காக மனுவோடு போனார். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தேதான் அந்தப் பதவியில் இருந்தார். நான் புரிந்துகொண்ட வரையில் தலைமையின் முதல் இலக்கணம் அதுதான்.

உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் வேறொரு உத்தி கையாளப்பட்டது. அங்கே தலித் யாரும் மனுச் செய்யாதபடி பார்த்துக்கொண்டார்கள். அதையும் மீறித் தேர்தல் நடந்தால் தாங்கள் காட்டும் ஒருவரை ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். பத்தாண்டுகள் இந்த நாடகம் நடந்தது. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை, உயிர்தான் பறிக்கப்பட்டது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் போராடினார்கள். 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள். வெபர் சொன்ன சட்டபூர்வத் தலைமை, அரசின் உறுதியும் மக்களின் போராட்டமும் சேராதவரை காகிதத்தில்தான் இருக்கும் என்பதை இந்த மூன்று ஊர்களும் காட்டின.

இனி இதே மண்ணின் இன்னொரு தலைவரைப் பார்ப்போம். மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர் பி. கக்கன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1957 முதல் 1967 வரை அமைச்சர். இன்று மேடைகளில் கக்கன் என்றால் என்ன சொல்கிறார்கள்? எளிமை, நேர்மை, அரசு மருத்துவமனையில் பொது நோயாளியாகக் கிடந்தார் என்பது. எல்லாம் உண்மை. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அமைச்சர் அவர்தான் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? வாடிப்பட்டி வயல்கள் பெரியாறு, வைகைப் பாசனத்தில் விளைபவை. தண்ணீர் யார் காலத்து நிர்வாகத்தில் வந்தது என்று கேட்க மாட்டார்கள். அவர் வீட்டில் என்ன இல்லாமல் போனது என்பதையே பேசுவார்கள். மற்றவர்களுக்கு ஆளுமை என்றும் ஆற்றல் என்றும் பட்டம் சூட்டும் சமூகம், தலித் தலைவர் என்றதும் பணிவையும் வறுமையையும் மட்டும் புகழ்கிறது. இந்தப் புகழுக்குள் இருக்கும் சாதியை நாம் அடையாளம் காண வேண்டும்.

அதே சமயம் நம் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. 1943இல் ரானடே பற்றிப் பேசியபோது தனிமனித வழிபாட்டை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக விமர்சித்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி புகுந்தால் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்று எச்சரித்தார். அவருடைய சிலைக்கு மாலை போடும் நாம், நம் தலைவர்களிடம் கணக்குக் கேட்கிறோமா? முருகேசனின் படத்துக்கு முன் முழக்கமிடுவதோடு கடமை முடிந்துவிடுகிறதா?

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொரு தலித் பெண் தலைவர் சுதந்திர தினக் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தி, துணைத்தலைவரை வைத்துத் தலைவரின் கையைக் கட்டிப்போடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. அரிவாள் தேவைப்படாத முறைகள் இவை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைமைப் பண்புகள் பத்து என்று அச்சிட்ட கையேடுகளைப் படிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்காருகிறார், தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று பாருங்கள். தலைவரை உட்காரவிடாமல் தடுப்பவர்களை எதிர்த்து நில்லுங்கள். உட்கார்ந்த பிறகு அவரிடமும் கேள்வி கேளுங்கள். இரண்டையும் செய்யும் மக்களிடமிருந்துதான் நல்ல தலைமை எழும்.