வள்ளி மறுபடியும் வருகிறாள்

மாசித் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரத்து நாடக நடிகர் சங்கங்களுக்கு ஊர்க்காரர்கள் தேதி பேச வந்துவிடுவார்கள். மாசியில் சூடுபிடித்து, பங்குனி சித்திரையில் ராத்திரிக்கு ராத்திரி ஓடி, ஆடி வாக்கில் தணிவது ஸ்பெஷல் நாடகத்தின் பருவம். அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாளைச் சொல்லி, ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்று கேட்பார்கள். என்ன நாடகம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. வள்ளி திருமணம்தான்.

தேதி முடிவானதும் நோட்டீஸ் அச்சாகும். மேலே தெய்வத்தின் பெயர், அதன் கீழே ஊர், நாள், உபயதாரர்கள். நடுவில் நடிகர்களின் படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், ஊர், ஏற்கும் பாத்திரம். ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தனி இடம் உண்டு. நாடகத்தின் பெயரைவிட நடிகர்களின் பெயர்கள் பெரிதாக இருக்கும். அதுதான் சரியும்கூட. வள்ளியின் கதை ஊருக்குத் தெரியும். இந்த வருஷத்து வள்ளி நாரதரிடம் எப்படித் தர்க்கம் செய்யப் போகிறாள் என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வள்ளிக்கே அது தெரியாது. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறுவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார். கோயிலைப் பார்த்துப் போட்ட கீற்றுக் கொட்டகையின் பின்புறம் ஒப்பனை போடும்போதுதான் அன்றைய ஜோடி யாரென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்க, முதலில் பபூனும் டான்ஸும் வந்து கூட்டத்தைக் கட்டிப்போடுவார்கள். விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம் நடந்திருக்கும். முன்பின் சேர்ந்து நடித்திராதவர்கள் இடையில் ஒரு தடங்கலும் இல்லாமல் இரவு முழுக்க நாடகத்தை நடத்திக்கொண்டு போவார்கள். எல்லோர் மனத்திலும் ஒரே பாடம் இருப்பதால்தான் இது முடிகிறது. அந்தப் பாடத்தை வகுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். இருபத்து நான்காம் வயதில் கணக்குப் பிள்ளை வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன் என்று உக்கிரமான வேடங்களே அவருக்கு வாய்த்தன. பிறகு வேடத்தை விட்டு வாத்தியாரானார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், சதி அனுசூயா, சுலோசனா சதி, அபிமன்யு சுந்தரி என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, சின்னப் பையன்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். ஆறு வயதில் அங்கே சேர்ந்த ஒரு பையன் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று தமிழ்நாடு கொண்டாடிய தி.க. சண்முகம். அவனுக்காகவே அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் உட்கார்ந்து சுவாமிகள் எழுதி முடித்ததை, சண்முகம் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ஒரே இரவில் ஏன் எழுத வேண்டும்? கம்பெனி நடந்த விதத்தைப் பார்த்தால் புரியும். அன்றைய நாடகக் கம்பெனி ஒரு ஊருக்குப் போனால் கொட்டகை பிடித்து, சாமான்களை இறக்கி, வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் முகாம் போடும். பையன்கள், வாத்தியார், சமையல்காரர், திரை கட்டுகிறவர் என்று அத்தனை பேருக்கும் அன்றாடம் சோறு போட்டாக வேண்டும். டிக்கெட் வாங்குகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள். பார்த்த நாடகத்தையே எத்தனை தடவை பார்ப்பார்கள்? எனவே நாளுக்கொரு நாடகமாக மாற்றிப் போட்டார்கள். வசூல் குறைகிறபோது புது நாடகம் ஒன்றை இறக்கினார்கள். அது நிற்கும்வரை நிற்கும். நிற்காவிட்டால் பவளக்கொடியோ கோவலனோ மறுபடி வந்து கம்பெனியைக் காப்பாற்றும். பையன்களுக்கு விடியற்காலையிலேயே பாடம் தொடங்கியதற்கும் இதுதான் காரணம். பத்திருபது நாடகங்கள் எந்நேரமும் நாக்கு நுனியில் இருந்தாக வேண்டும்.

சுவாமிகள் பக்கவாதத்தில் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவரிடம் பயின்றவர்கள் பல கம்பெனிகளாகப் பிரிந்தார்கள். தி.க. சகோதரர்கள் 1925இல் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். குரல் பலத்தாலேயே புகழ் பெற்ற பெரிய நடிகர்கள் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் தனித்தனியே சம்பளம் பேசி இரவுக்கு இரவு நடிக்கப் போனார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926 வாக்கில் இலங்கை மேடையில்தான் இணைந்தார்கள். வேலனாகவும் வள்ளியாகவும் அந்த இருவரைக் கேட்க மக்கள் திரண்டார்கள். கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார்.

இங்கேதான் பழைய நாடகத்தின் கணக்கு மாறியது. முகாம் போட்ட கம்பெனிக்குப் புது நாடகம் தேவைப்பட்டது. ஓர் இரவு மட்டும் கூடிப் பிரிகிற நடிகர்களுக்கோ எல்லோருக்கும் தெரிந்த நாடகம்தான் வேண்டும். ஊரும் வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவில்தான் பார்க்கிறது; அதற்குச் சலிப்பில்லை. வேலன், வேடன், விருத்தன் என்று ராஜபார்ட்டுக்கு மூன்று தோற்றம், நாரதருக்கு முழுநீளத் தர்க்கம், ஸ்திரீபார்ட்டுக்கு இரவின் பாதி. இப்படி எல்லாருக்கும் இடம் கொடுத்த வள்ளி திருமணம் முன்னுக்கு வந்தது. முருகன் கதை என்பதால் கோயில் வாசலுக்கும் பொருந்தியது.

பழைய நாடகம் என்பதால் அதில் பழைய விஷயம்தான் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடை செய்ய வழி கொடுத்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்குள்ளாகி, தி.க. சகோதரர்களின் மேடையில் ‘தேசபக்தி’ என்ற வேறு பெயரில்தான் ஏறியது. ஆனால் வள்ளி திருமணத்தை எந்த அதிகாரி தடை செய்வார்? சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ். விசுவநாத தாஸ் அந்த இடைவெளியில்தான் நுழைந்தார். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் கட்டிய பாட்டை வேலன் வேடத்தில் எடுத்துவிடுவார். கொக்கு எந்த நாட்டுக் கொக்கு என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸுக்கும் விளங்கிவிட்டது. வேடத்தோடேயே அவரைக் கைது செய்தார்கள், பலமுறை சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் அதே வேடத்தைக் கட்டி அதே பாட்டைப் பாடினார்.

அவர் பிறந்த மருத்துவர் சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். கே.பி. ஜானகி அம்மாள் சேர்ந்து நடித்தார். பின்னாளில் மதுரைக் கம்யூனிஸ்ட் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் மக்கள் அறிந்த அதே ஜானகி அம்மாள்தான். மேடையில் முருகனுக்கும் வள்ளிக்கும் நடந்த கலப்பு மணத்தைக் கைதட்டிப் பார்த்த ஊர்களில், நடிக்கிறவரின் சாதியை விசாரித்த காலத்தில் அது சின்னக் காரியமல்ல. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே விசுவநாத தாஸின் உயிர் பிரிந்தது.

சினிமாவும் திரும்பி வந்த நாடகங்களை வைத்தே பிழைக்கத் தொடங்கியது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டு எழுதியவர் பாஸ்கரதாஸ். 1933இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் படமானது. அடுத்த ஆண்டு பவளக்கொடியில் எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமானார். கம்பெனிகளின் ராஜபார்ட்டுகளையும் கதைகளையும் எடுத்துக்கொண்ட சினிமா, கொட்டகைகளையும் எடுத்துக்கொண்டது. முகாம் போட்ட கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இழப்பதற்குக் கொட்டகையே இல்லாத ஸ்பெஷல் நாடகம் மட்டும் கிராமத்துக் கோயில் வாசலில் நின்றுவிட்டது.

அதற்கு வந்த பெரிய அடி 2020இல். மார்ச் மாதம், பங்குனித் திருவிழாக்கள் தொடங்கிய நேரத்தில் ஊரடங்கு வந்தது. ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் வாழ்கிற கலைஞர்கள் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர முடியாமல் தவித்தார்கள். அடுத்த ஆண்டும் சித்திரை வைகாசியில் அதே கதை. இரண்டு பருவங்கள் போன பிறகும் நோட்டீஸ்கள் மறுபடி அச்சாயின. அவற்றில் முதலில் திரும்பி வந்ததும் வள்ளிதான்.

அதில் மகிழ்ச்சி இருக்கிறது, ஒரு கவலையும் இருக்கிறது. பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் இன்னும் எங்காவது போடப்படுகின்றன. சுலோசனா சதி, சதி அனுசூயா எல்லாம் அபூர்வமாகிவிட்டன. சுவாமிகளின் நாடகங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளைப் பதிப்பித்த அவருடைய பேரன் முருகபூபதி மணல்மகுடி குழுவோடு முற்றிலும் வேறு வகையான புது நாடகங்களைச் செய்துவருகிறார். ஆயினும் ஒத்திகையே இல்லாத மேடையில் ஒரு நாடகம் நடக்க வேண்டுமானால், ஒரே இரவில் ஒரே ஊரில் கூடும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் என அத்தனை பேருக்கும் அது பாடமாக இருக்க வேண்டும். எந்தப் பாட்டுக்கு எந்த மெட்டு என்று ஆர்மோனியக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு தலைமுறை போடாமல் விட்ட நாடகத்தைப் புத்தகத்திலிருந்து வசனமாக எடுத்துவிடலாம். மெட்டோடும் தர்க்கத்தோடும் எடுப்பது கடினம். அடுத்த மாசியில் தேதி பேச வருகிற ஊர்க்காரர்கள், சுலோசனா சதி தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைப் போடச் சொல்லிக் கேட்டால் சங்கத்தில் மறுக்க மாட்டார்கள்.