வாகனப் புகையும் வர்க்க நலனும்: உப்புக்குளத்திலிருந்து ஒரு நோக்கு

வாகனப் புகையைத் தனிமனிதரின் கவலையீனமாக மட்டும் காண்பது அதன் வரலாற்றை மறைப்பதாகும். இலங்கையின் பஸ் சேவை 1958இல் தேசியமயமாக்கப்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையையடுத்து, 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இறக்குமதி வாகனங்களும் பெருகின. பொதுப் போக்குவரத்தை மையமாகக் கொண்ட திட்டமிடல் இவ்வாறு தளர்ந்த பின்னரே, 1994இல் வளித்தர நியமங்கள் வகுக்கப்பட்டன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிக்கப்பட்டமை முழுச் சமூகத்துக்கும் பயனளித்தது. ஆனால் 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய புகைப் பரிசோதனையோ இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் வாகனச் சொந்தக்காரர் மீது சுமத்தப்பட்டது.

மன்னார் நகரின் உப்புக்குளத்திலிருந்து நோக்கின் இம்முரண்பாடு தெளிவாகும். 1914இல் தலைமன்னாரை எட்டிய புகையிரதம் 1990இல் போரினால் நின்றது. 2015இலேயே அங்கு மீண்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009இன் பின் பெருமளவில் திரும்பத் தொடங்கியபோது தீவில் புகையிரதம் இருக்கவில்லை. மீனவரின் பழைய மோட்டார்ச் சைக்கிள் கக்கும் புகையை அளக்கும் கருவி, அவர் அதை நாட நேர்ந்த காரணத்தை அளப்பதில்லை. பரிசோதனை தேவையே. ஆயின், பஸ்ஸும் புகையிரதமும் போதியளவு ஓடும் திட்டமிடலுடன் அது இணையாதவரை, தூய வளிக்கான விலையை உழைப்பவரே செலுத்துவர்.